தாய்க்கு வயசு என்ன?

முதலில் ஒரு விடுகதை. ஒரே தாய், ஒரே தகப்பன், ஒரே வீடு, ஒரே கேப்பைக் கூழ். மூத்தது பதின்மூன்று வயதிலும் தபால்காரரைத் தெருமுனை வரை துரத்துகிறது. இளையது ஏழு வயதிலேயே வாசலில் படுத்துக்கொண்டு, வந்தால் வா, போனால் போ என்று பார்க்கிறது. மூத்தது ஒரு பிரசவத்துக்கு எட்டுக் குட்டி போட்டது. இளையது மூன்றுக்கே மூச்சு வாங்கியது. இருவருக்கும் இடையில் மாறியது ஒன்றே ஒன்று. அது என்ன?

விடை: அதுகளைப் பெற்ற அன்று தாய்க்கு இருந்த வயது.

நாய் வளர்த்து விற்கும் தொழிலில் நாய்களால் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. வாங்க வருகிறவர்கள்தான் கடிக்கிறார்கள். குட்டி விற்கிற சக பாவிகளுக்கு இது புதிதாக இருக்காது. ஆடு, மாடு, கோழி விற்கிறவர்களும் தலையாட்டுவீர்கள். பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காபி கொடுத்து அனுப்பியவர்கள் இன்னும் நன்றாகத் தலையாட்டுவீர்கள்.

நான் இராஜபாளையத்தில், மில் சங்கு கேட்கிற ஒரு தெருவில், இருபத்திரண்டு வருடமாக எங்கள் ஊர் நாய்களை வளர்த்து விற்கிறேன். வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு, பொன்னிறக் கண். என் வீட்டுக்காரர் ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் முடிந்து வந்ததும் நாய்க் கொட்டகையைக் கழுவுவார். நான் கூழ் காய்ச்சுவேன், நோட்டு எழுதுவேன்.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு குட்டிக்கும் நாலு விவரம்: பிறந்த நாள், அன்று தாயின் வயது, கூடப் பிறந்தவை எத்தனை, செத்த நாள். கடைசி விவரத்துக்காகத்தான் குட்டி வாங்கிப் போகிறவர்களிடம், "ஆயுசு முடிஞ்சா ஒரு போன் பண்ணுங்க" என்று சொல்லி அனுப்புவேன். முதல் தடவை கேட்கிறவர்கள் என்னை எமனுக்குத் தங்கச்சி மாதிரி பார்ப்பார்கள். ஆனால் போன் வரும். அப்படிச் சேர்ந்த நோட்டில், தாயின் நல்ல வயதில் பிறந்தவை நெடுநாள் ஓடியதாகவும், கிழட்டு வயதில் பிறந்தவற்றில் பல சீக்கிரம் உட்கார்ந்துவிட்டதாகவும், அவற்றின் வயிற்றிலும் குட்டி குறைவாகவே தங்கியதாகவும் எனக்குத் தோன்றுகிறது. தோன்றுகிறது என்றுதான் சொல்கிறேன். ஒரு வீட்டு நோட்டை வைத்து உலகத்துக்குச் சட்டம் எழுத முடியாது. மாறாக நடந்தவையும் அதே நோட்டில் இருக்கின்றன.

இந்தக் கோடையில் நடந்தவற்றைச் சொல்லும் முன் இன்னொரு விவரம். எனக்கு ஒரு மகள். பெயர் கனி, நாலாம் வகுப்பு முடித்திருக்கிறாள். அவள் பிறந்தபோது எனக்கு நாற்பத்து மூன்று வயது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். கோடை முழுவதும் நானும் இதை மனதில் வைத்துக்கொண்டுதான் குட்டி விற்றேன்.

ஒரு வக்கீல் வேண்டும்

பவுனு எங்கள் மூத்த நாய், எட்டு வயது. வெள்ளி அவளுடைய மகள், மூன்று வயது. வெள்ளி பருவத்துக்கு வந்ததும், அடுத்த தெருவிலிருந்து ஓர் ஆண் நாயைக் கொண்டுவந்து நாலு நாள் வீட்டில் வைத்திருந்தோம். அதே வாரம் பவுனுக்கும் லேசாகப் பருவம் தட்டியது. "அவளுக்கு வயசாச்சு, இனிமே என்ன" என்று சொன்னது நான்தான். பவுனு அதைக் கேட்டுக்கொண்டே, கொக்கி சரியாக விழாத கதவை மூக்கால் தள்ளித் திறந்து அந்த ஆண் நாய் இருந்த பக்கம் போனாள். வயதைப் பற்றி நான் சொன்னதற்கு அவளுடைய பதில் அறுபத்து மூன்று நாள் கழித்து வந்தது. இரண்டு குட்டி, ஓர் ஆண், ஒரு பெண். அதற்கு இரண்டு நாள் முன்பே வெள்ளி ஏழு போட்டிருந்தாள்.

ஆகத் தாயும் மகளும் ஒரே கொட்டகையில் பிள்ளை பெற்றுப் படுத்திருந்தார்கள். அப்பன் ஒருவனே. நாலாம் வகுப்பை முடித்தால் ஒரு குட்டி உனக்கே உனக்கு, அதை விற்க மாட்டோம் என்று கனிக்கு அவள் அப்பா ஏற்கனவே வாக்குக் கொடுத்திருந்தார். நாற்பத்தைந்தாம் நாள்தான் குட்டியைத் தாயிடமிருந்து பிரிப்போம். ஆண் குட்டிகளை அப்போதே விற்கலாம்; பள்ளி திறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பெண் குட்டிகளில் ஒன்றைக் கனி எடுத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகுதான் பெண் குட்டிகளுக்கு ஆள் பார்ப்பது என்று முடிவானது. என் வீட்டுக்காரர் கொட்டகை வாசலில் துடைப்பத்தோடு நின்று, இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பவுனு பெத்தவன் வெள்ளி பிள்ளைகளுக்குத் தம்பியும் ஆச்சு, தாய்மாமனும் ஆச்சு. இதுக நாளைக்கு ஒண்ணுக்கொண்ணு முறை சொல்லிக் கூப்பிடணும்னா ஒரு வக்கீலத்தான் வைக்கணும், ஏட்டி."

பல் பார்த்தவர்

முதலில் வந்தவர் மகாராஜபுரத்துக்காரர், ஓய்வு பெற்ற போலீஸ்காரர். தோட்டத்துக்கு ஓர் ஆண் குட்டி வேண்டும் என்றார். பவுனின் ஆண் குட்டி அவர் செருப்பைக் கவ்வி இழுத்தது. பிடித்துப் போயிற்று என்று முகத்திலேயே தெரிந்தது. ஆனால் குட்டியை விட்டுவிட்டு நேரே பவுனிடம் போனார். திருட்டு நகையைச் சோதிப்பது போல அவள் வாயைத் திறந்து, முன்பற்களை விரலால் தடவினார். "தேஞ்சு போச்சே. ஏழுக்கு மேல இருக்கும்." எட்டு என்றேன். உதட்டைப் பிதுக்கினார். "கெழட்டு வயித்துக் குட்டி. அணையப் போற அடுப்புல ஊத்துன தோசை மாதிரி. வேகாது."

அப்போது கனி தண்ணீர்க் கிண்ணத்தோடு பக்கத்தில் நின்றிருந்தாள். அவர் அவளைப் பார்த்து, "பேத்தி நல்லா சூட்டிகையா இருக்காளே" என்றார். "மக" என்றேன். அவர் என் தலைமுடியைப் பார்த்தார். கனியைப் பார்த்தார். மறுபடி என் தலைமுடியைப் பார்த்தார். எத்தனையோ குற்றவாளிகளைத் திணறடித்திருக்கக்கூடிய மனிதர், செத்த நேரம் தானே திணறினார். பிறகு வெள்ளியின் குட்டிகளில் ஒன்றைத் தூக்கித் துண்டில் சுற்றிக்கொண்டு, வண்டியைக் கிளப்புகிற அவசரத்தில் சொன்னார்: "நான் நாயத்தான் சொன்னேன் தாயி, வீட்டுல யாரையும் சொல்லல."

ஊசி போடப் போன இடத்தில்

குட்டிகளுக்குத் தடுப்பூசி போட ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டரம்மாவிடம் போவோம். சின்ன வயது, பொறுமைசாலி. எட்டுக் குட்டிகளையும் இரண்டு பிளாஸ்டிக் கூடையில் வைத்து, ஆட்டோவில் நானும் கனியும் போனோம். பவுனின் பெண் குட்டியை மேசைமேல் வைத்தபோது, போலீஸ்காரர் சொன்ன தோசைக் கதையைச் சொல்லி, அதில் உண்மை இருக்கிறதா என்று கேட்டேன். அவர் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே சொன்னார்: "கொஞ்சம் இருக்கு. குளத்துத் தண்ணியில கண்ணுக்கே தெரியாத பொடி உசுருங்க இருக்கு. அதுல வயசான தாய்க்குப் பொறந்தது சீக்கிரம் சாகுதுன்னும், குறைவாத்தான் குஞ்சு போடுதுன்னும் பாத்திருக்காங்க. ஈயிலயும் அப்படிப் பாத்திருக்காங்க. தாய்க்கு வயசாகும்போது அது வயித்துல இருக்குற முட்டைக்கும் சேர்ந்துதானே வயசாகுது? ஆனா எல்லா உசுருக்கும் ஒரே மாதிரி கிடையாது. சிலதுல அப்படியே தலைகீழா இருக்கு. நாயப் பத்தி அடிச்சுச் சொல்ற அளவுக்கு எனக்குத் தெரியாது."

நல்ல விளக்கம். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். கனி கூடையின் கைப்பிடியைப் பிடித்தபடி, "மனுசங்களுக்கும் அப்படியா டாக்டர்?" என்றாள். டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த பசுமாட்டுப் படத்தைப் பார்த்தேன். பொய் சொல்லத் தெரியாத டாக்டர்களிடம் பிள்ளைகளைக் கூட்டிப் போகக் கூடாது என்று அன்று தெரிந்துகொண்டேன். கடைசியில் அவர் கனியிடம் சொன்னது இது: "யாரு எத்தன வருசம் இருப்பாங்கன்னு சொல்றதுக்கு நான் படிக்கல பாப்பா. எனக்கு ஊசி போடத்தான் சொல்லிக் குடுத்தாங்க."

அவள் அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். திரும்பி வரும்போது கூடையில் கைவிட்டுக்கொண்டு, பவுனுக்கு மனிதக் கணக்கில் என்ன வயது இருக்கும் என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்றேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டாள். அந்த மனிதர் கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னார்: "ஒங்கம்மா வயசு இருக்கும்."

காட்டுகிற தாய்

இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் தொழில்காரர்கள் யாரும் என்மேல் கல்லெறிய மாட்டார்கள். எங்கள் ஊர் நாயில் ஒரு வசதி உண்டு. எல்லாம் வெள்ளை, எல்லாவற்றுக்கும் ரோஸ் மூக்கு. வெளியூர்க்காரர் கண்ணுக்கு ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் தாய் கிழடாக இருந்தால், குட்டிக்குப் பக்கத்தில் ஓர் இளம் நாயை நிறுத்திக் காட்டுகிற வழக்கம் சில இடங்களில் உண்டு. அதற்குக் காட்டுகிற தாய் என்று பேர். இருபத்திரண்டு வருடத்தில் நான் அதைச் செய்ததில்லை. போலீஸ்காரரின் தோசைக்குப் பிறகு ஒரே ஒரு தடவை செய்தேன்.

வந்தவர் காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணி தயாரிக்கிறவர். வெள்ளையில் எத்தனை வகை உண்டு என்று தெரிந்த கண். பவுனைக் கொட்டகையின் பின்பக்கம் அடைத்துவிட்டு, அவளுடைய ஆண் குட்டியை வெள்ளிக்குப் பக்கத்தில் விட்டேன். "இதுதான் தாய், மூணு வயசு" என்றேன். ஏழு பேருக்குப் பால் கொடுத்துச் சலித்துப் போயிருந்த வெள்ளி, எட்டாவதாக வந்த தாய்மாமனைப் பார்த்துப் பல்லைக் காட்டினாள். பின்பக்கம் பவுனு ஒரு குரல் கொடுத்தாள். குட்டி திரும்பி ஓடி, கதவின் அடிச் சந்தில் நுழைந்து, அந்தப் பக்கம் சப்புச் சப்பென்று பால் குடிக்கிற சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

கனிதான் முதலில் பேசினாள். "அதோட அம்மா அங்க இருக்கு. எட்டு வயசு. எங்கம்மா சொல்ல மறந்துட்டாக" என்றாள், என்னைக் காப்பாற்றுகிற குரலில். ஒரு கிழட்டுத் தாயை ஒளித்துவைத்ததை விட, யார் கண் முன்னால் ஒளித்துவைத்தேன் என்பதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. காஸ் கம்பெனிக்காரர் கோபப்படவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, வாசல்படியில் நின்று சொன்னார்: "தாயவே மாத்திக் காட்டுனீக. நல்லவேள, அப்பன் யாருன்னு நான் கேக்கல."

தட்டுச் சத்தம்

அன்றிலிருந்து யாரும் கேட்பதற்கு முன்பே தாயின் வயதைச் சொல்ல ஆரம்பித்தேன். "வாங்க, உக்காருங்க, இதுக்குத் தாய் எட்டு வயசு." கல்யாண வீட்டு வாசலிலேயே மாப்பிள்ளைக்கு இருக்கிற கடனைச் சொல்வது போலத்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு புருசன் பெண்டாட்டி வந்தார்கள். ஒரு சின்ன விளக்கம்: வெள்ளை நாய்களில் சில குட்டிகள் பிறவியிலேயே செவிடாக இருப்பதுண்டு. அது நிறத்தோடு ஒட்டிவரும் கோளாறு. தாயின் வயது அதற்குக் காரணம் என்று என் நோட்டில் எங்கும் தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் குட்டிக்குப் பின்னால் எவர்சில்வர் தட்டைத் தட்டிப் பார்ப்பார்கள். இந்த மனிதரும் தட்டினார். வெள்ளியின் குட்டிகள் சிதறி ஓடின. பவுனின் ஆண் குட்டி வயிற்றைக் காட்டித் தூங்கிக்கொண்டிருந்தது. இரண்டே பேர் பங்குபோட்டுக் குடித்த பால். எழுந்து என்ன ஆகப் போகிறது? மறுபடி தட்டினார். அது புரண்டு படுத்தது. "செவிடு" என்று தீர்ப்புச் சொன்னார். "தாய்க்கு வயசாயிட்டா இப்படித்தான் ஆகும்."

கனி உள்ளே போய், கூழ்ச் சட்டியின் அடியைக் கரண்டியால் லேசாகச் சுரண்டினாள். எங்களுக்கே அது சரியாகக் கேட்கவில்லை. குட்டி துள்ளி எழுந்து, ஆளைத் தாண்டி அடுக்களைக்கு ஓடியது. அந்த அம்மாள் சிரித்துவிட்டார். கணவரின் கையிலிருந்து தட்டை வாங்கி என்னிடம் கொடுத்துக்கொண்டே சொன்னார்: "இவியளும் எந்தச் சத்தத்துக்கும் எந்திரிக்க மாட்டாக, இட்லித் தட்டுச் சத்தத்துக்குத்தான் எந்திரிப்பாக. எங்க மாமியா இவியளப் பெத்தப்போ பத்தொம்பது வயசு."

எழுபத்து நாலு

வீட்டில் தெலுங்கு பேசுகிற ஒரு பெரியவர். பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு எங்களிடம் குட்டி வாங்கியவர். போன மாதம், ஆயுசு முடிந்தது என்று போன் செய்தவர். தனியாக இருக்கிறார். தினமும் மொபெட்டில் அய்யனார் கோவில் பக்கம் தன் மாந்தோப்புக்குப் போய் வருகிறார். பவுனின் ஆண் குட்டியைக் கேட்டார். தாய்க்கு எட்டு வயது என்றேன். ஆயுசு கொஞ்சம் குறைவாக இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றேன். பழைய வாடிக்கையாளர் என்பதால், வெள்ளியின் குட்டியை எடுத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன்.

"குறைவுன்னா எம்புட்டு?" என்று கேட்டார். அடித்துச் சொல்ல முடியாது, எட்டோ ஒன்பதோ இருக்கலாம் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. இந்தத் தொழிலில் ஆயுசு குறைவு என்று சொல்லி ஒருவர் முகம் மலர்ந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. "எனக்கு எழுபத்தி நாலு. பதிமூணு வருசம் இருக்குற நாய வாங்கி, பொறவு யாரு கையில புடிச்சுக் குடுத்துட்டுப் போக? என் மவன் சென்னையில ஒன்பதாவது மாடியில இருக்கான். நாயக் கூட்டிக்கிட்டு லிப்டுல நிப்பானா?" என்றார். குட்டியைச் சட்டைக்குள் விட்டுப் பொத்தானைப் போட்டார். போதும் என்பதற்கு அவர் வீட்டில் சாலு என்பார்கள். வண்டியில் ஏறி உட்கார்ந்து சொன்னார்: "ஒம்பது வருசம் சாலு தாயி. அதுக்கு மேல நான் இருந்தா, திரும்ப வந்து இன்னொரு கெழவி குட்டியாக் கேட்டு வாங்கிக்கிறேன்."

எட்டாவது பிள்ளை

பவுனின் பெண் குட்டி மிச்சம். ஸ்ரீவில்லிபுத்தூரில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மாள் வந்தார். நான் வழக்கம்போல முந்திக்கொண்டு, "தாய்க்கு எட்டு வயசு, கடைசி ஈத்து" என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். வகுப்பில் தப்பாக விடை சொன்னவர்களைப் பார்த்த பார்வை அது. "அதை ஏன் சாவுச் செய்தி மாதிரி சொல்லுத? எங்கம்மா நாப்பத்தாறு வயசுல என்னையப் பெத்தாக. நான் எட்டாவது. எங்க மூத்த அக்காவ அவிய பதினேழுல பெத்தாக."

கனி எங்கிருந்தோ வந்து அவருக்குப் பக்கத்தில் நின்றாள். "அந்த அக்கா இருக்காகளா?" என்று கேட்டாள். "இருக்கா. தொண்ணூறு வயசு. இன்னமும் என்னைய வாட்டி போட்டின்னு வேல வாங்குதா." "அப்ப நீங்களும் தொண்ணூறு வரைக்கும் இருப்பீங்களா?" நான் கூழ்க் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். டீச்சர் யோசித்தார். பிள்ளைகளுக்குப் பதில் சொல்லும்போது அவர் அவசரப்படுகிறவராகத் தெரியவில்லை. "எனக்கு அறுபத்தொண்ணு. இன்னும் இருபத்தொம்பது வருசம் கழிச்சு வந்து கேளு, சரியாச் சொல்லுதேன்" என்றார்.

பெண் குட்டி அவருக்குப் பிடித்துவிட்டது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கனி எதை எடுக்கிறாள் என்று பார்த்த பிறகுதான் தர முடியும் என்றேன். காத்திருப்பதாகச் சொன்னார். இந்தக் குட்டியும் பின்னாளில் நிறையக் குட்டி போடாமல் போகலாம் என்பதையும் சொல்லிவிட்டேன். சொல்வதென்றால் முழுசாகச் சொல்ல வேண்டும். அவர் பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துக் குட்டிக்கு ஊட்டிக்கொண்டே சொன்னார்: "எனக்கும் பிள்ளை இல்ல. எங்கம்மா வயசுதான் காரணம்னு ஒரு டாக்டரும் சொல்லல; எங்க மாமியாதான் கண்டுபிடிச்சுச் சொன்னாக, அவிய மூணாப்பு வரைக்கும் படிச்சவுக."

ஞாயிற்றுக்கிழமை

காலையில் வாசல் கேட்டை யாரோ தட்டினார்கள். திறந்தால் கனி. உள்ளே இருந்தவள் பின்வழியாகச் சுற்றிக்கொண்டு தெருப் பக்கமாக வந்திருக்கிறாள். "ஏம்மா, குட்டி இருக்குன்னு சொன்னாக" என்றாள். ஆறு வாரமாக வாடிக்கையாளர்களோடு நின்றவள் அல்லவா? என் வீட்டுக்காரர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வேடிக்கை பார்க்க வாசற்படியில் உட்கார்ந்தார். நான், "வாங்க, உக்காருங்க" என்றேன்.

வெள்ளியின் குட்டிகளில் பெண் குட்டிகள் மூன்று மிச்சம் இருந்தன. பவுனுக்கு ஒன்று. கனி தட்டைத் தட்டினாள். ஈறு சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்தாள். ஒவ்வொன்றையும் தூக்கி எடை பார்த்தாள். பிறகு பவுனின் குட்டியைக் காட்டி, "தாய்க்கு வயசு என்ன?" என்று கேட்டாள்.

"எட்டு."

"அதுகளுக்கு?"

"மூணு."

"ரெண்டு தாயையும் காட்டுங்க." கொண்டுவந்து நிறுத்தினேன். கனி இரண்டையும் பார்த்துவிட்டு, "நெசமான தாய்தானா?" என்றாள். வாசற்படியில் உட்கார்ந்திருந்தவர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். நெசமான தாய்தான் என்றேன்.

நல்ல வியாபாரி இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். என்னால் முடியவில்லை. "பவுனு குட்டி நல்ல குட்டி. ரெண்டே பேர் குடிச்ச பாலு. பாரு, எப்படிக் கொழுகொழுன்னு இருக்குன்னு" என்றேன். கனி அதை மடியில் வைத்து வயிற்றைத் தடவினாள். அது அவள் விரலைக் கடித்தது. "இதுக்கு ஆயுசு கம்மியா இருக்கலாம்ல?" என்று கேட்டாள். இருக்கலாம் என்றேன். நான்தானே இந்தக் கோடை முழுக்க எல்லோரிடமும் அதைச் சொன்னேன்? மகளிடம் மட்டும் எப்படி மாற்றிச் சொல்வது? அவள் அந்தக் குட்டியை இறக்கி, பவுனுக்குப் பக்கத்தில் விட்டாள். "டீச்சர் காத்துட்டு இருப்பாக" என்றாள்.

ஆறு வாரமாக நெஞ்சில் வைத்திருந்தது வாயில் வந்துவிட்டது. "ஏட்டி, வயசான தாய்க்குப் பொறந்தா அம்புட்டு எளப்பமா?"

கனி என்னைப் பார்த்தாள். நான் எதைக் கேட்கிறேன் என்று புரியாதவள் மாதிரி ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு, கூட்டல் கணக்குப் புரியாதவர்களுக்கு மறுபடி விளக்குகிற பொறுமையோடு சொன்னாள்: "நான் ரொம்ப வருசம் இருப்பேன்லம்மா. எனக்கு ரொம்ப வருசம் இருக்குற குட்டிதான வேணும்?"

தாயின் வயதைப் பற்றி உலகத்தில் யாருக்காவது கவலை இருக்கிறதென்றால், அது முக்கால்வாசி தாய்க்குத்தான் இருக்கிறது என்பதே இருபத்திரண்டு வருடம் நாய் விற்று நான் தெரிந்துகொண்டது.

கனி வெள்ளியின் குட்டிகளில் ஒன்றை எடுத்துக்கொண்டாள்.